குதிரைமசால் பிணைப்பு வரைபடம்: 8 தொகுதி எதிர்பார்த்தேன், 41 வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

மசால்_மாணவி கேட்டது:

வணக்கம். அமெரிக்காவில் தாவர இனப்பெருக்கத்தில் முனைவர் பட்டம் செய்கிறேன், பயிர் குதிரைமசால் என்ற தீவனப் பயிர். தாய்ச்செடி ஊதாப் பூ, இலையுதிர் காலத்தில் குளிர் தொட்டதும் சட்டென்று ஒடுங்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும் வகை. தந்தைச்செடி மஞ்சள் பூ பூக்கும் ஃபால்கேட்டா, உறைபனியைத் தாங்கும். இரண்டையும் கலந்து கிடைத்த 190 எஃப்1 செடிகளை (முதல் தலைமுறைப் பிள்ளைகள்) சீக்வென்சிங் செய்து, எஸ்என்பி மார்க்கர்களை (டிஎன்ஏவில் ஓர் எழுத்து வேறுபடும் இடங்கள்) எடுத்து வைத்திருக்கிறேன். பனி தாங்கும் குணம் எந்தக் குரோமோசோமில் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம், அதற்கு முதலில் வரைபடம் வேண்டும்.

வரைபடம்தான் நிற்க மாட்டேன் என்கிறது. அடிப்படைக் குரோமோசோம் எண்ணிக்கை 8, அதனால் 8 பிணைப்புத் தொகுதி (சேர்ந்தே கடத்தப்படும் மார்க்கர்களின் கூட்டம்) வரும் என்று நினைத்தேன். ஜாயின்மேப் என்ற வரைபட மென்பொருளில் லாட் (பிணைப்புக்கான ஆதாரத்தின் அளவு) 6 வைத்துப் பிரித்தால் தாய்க்கு 41, தந்தைக்கு 37 தொகுதிகள் வருகின்றன. அதற்கும் முன்னால் 1:1 விகிதத்துக்கு (பாதிப் பிள்ளைகளில் உண்டு, பாதியில் இல்லை) கை வர்க்கச் சோதனை வைத்ததிலேயே பாதிக்கு மேல் மார்க்கர்கள் விழுந்துவிட்டன. விகிதம் கோணலாக இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துப் போடு என்று வழிகாட்டி சொல்கிறார். அவ்வளவு தரவையும் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. போதாததற்கு, குதிரைமசாலின் உறவுச் செடியான மெடிக்காகோ ட்ரங்கட்டுலாவின் ஏ17 வகை மரபுத்தொகுதியோடு ஒப்பிட்டால் 4ஆம் குரோமோசோம் மார்க்கர்களும் 8ஆம் குரோமோசோம் மார்க்கர்களும் ஒரே தொகுதிக்குள் கலந்து நிற்கின்றன. ஒரு மார்க்கருக்குச் செடி ஒன்றுக்குச் சராசரியாக 5 ரீட் (அந்த இடத்தைப் படித்த தடவை) இருக்கிறது. மென்பொருளுக்கு இருமடியம் (ஒவ்வொரு குரோமோசோமிலும் இரண்டு பிரதி) என்றுதான் கொடுத்திருக்கிறேன்.

இதை நான்மடியமாகவே நடத்த வேண்டுமா, அப்படியானால் எதை முதலில் செய்வது? யாராவது இந்த வழியில் போயிருந்தால் சொல்லுங்கள்.

கிழங்குக்காரர்:

நான் உருளைக்கிழங்கில் வேலை செய்பவன், அதுவும் உங்களுடையது போலத் தன்நான்மடியம்தான், அதனால் இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். முதலில் 8 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். குதிரைமசாலின் உடல் செல்லில் 32 குரோமோசோம், அதாவது 8 வகை, ஒவ்வொன்றிலும் 4 பிரதி. கோதுமை மாதிரி இன்னது இன்னதோடுதான் ஜோடி சேரும் என்ற கட்டுப்பாடு இங்கே கிடையாது, நாலில் எதுவும் எதோடும் சேரலாம். நாலில் ஒரே பிரதியில் மட்டும் இருக்கும் அல்லீல் (ஒரே இடத்தில் வரும் மாற்று வடிவம்) தான் சிம்ப்ளெக்ஸ், அதுதான் சந்ததியில் 1:1 ஆகப் பிரியும். அந்த மார்க்கர்களை மட்டும் வைத்து வரைபடம் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது ஒவ்வொரு பிரதியின் வரைபடம். ஆகவே ஒரு பெற்றோருக்கு 32 தொகுதிதான் சரியான எதிர்பார்ப்பு. 41, 37 என்று வருவது மோசமே இல்லை, சில பிரதிகள் மார்க்கர் பற்றாத இடத்தில் இரண்டாக உடைந்திருக்கின்றன, அவ்வளவுதான். 2014இல் அமெரிக்காவில் வெளிவந்த செறிவான குதிரைமசால் வரைபடத்திலும் 3591 எஸ்என்பி, இரு பெற்றோருக்கும் சேர்த்து 64 தொகுதிகள்தான். 32 இரண்டு தடவை.

நாலு பிரதிகளும் ஏன் தாமாக ஒட்டுவதில்லை என்று கேட்பீர்கள். இரண்டு சிம்ப்ளெக்ஸ் மார்க்கர்கள் ஒரே இடத்தில் இருக்கின்றன, ஆனால் வேறு வேறு பிரதியில் இருக்கின்றன என்று வையுங்கள். பாலணுவுக்குள் நாலில் இரண்டு பிரதி போகும். இரண்டு மார்க்கரும் சேர்ந்து போக வாய்ப்பு 1/6, இரண்டுமே போகாமல் இருக்க 1/6, ஒன்று மட்டும் போக 2/3. அதாவது நடுவில் மறுசேர்க்கை (பிரதிகள் துண்டு மாற்றிக்கொள்வது) துளிகூட நடக்காவிட்டாலும், பார்க்கிறவருக்கு 33 சதவீதம் மறுசேர்க்கை நடந்தது மாதிரி தெரியும். இந்த 33ஐ வைத்து 190 செடியில் கிடைக்கக்கூடிய லாட் சுமார் 4.7. நீங்கள் வைத்த வரம்பு 6. பிறகு எப்படி ஒட்டும்? ஒரே பிரதியில் 5 சதவீத மறுசேர்க்கையோடு இருக்கும் இரண்டு மார்க்கர்களுக்கு இதே 190 செடியில் லாட் 40 வந்துவிடும். இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கும்போது லாட் வரம்பைக் குறைத்து ஒட்ட வைக்கப் பார்க்காதீர்கள், சம்பந்தமில்லாத குரோமோசோம்களும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டுவதற்குப் பாலம் வேண்டும். அந்தப் பாலம் நீங்கள் தூக்கிப் போட்ட மார்க்கர்களில்தான் இருக்கிறது. இரண்டு பிரதியில் இருக்கும் டியூப்ளெக்ஸ் அல்லீல் 5:1 ஆகப் பிரியும், அது தன் இரண்டு பிரதிகளின் தொகுதிகளோடும் பிணைப்பு காட்டும், அப்படி அவற்றைச் சேர்த்துக் கட்டலாம். தாயிலும் ஒன்று தந்தையிலும் ஒன்று இருப்பது 3:1 ஆகப் பிரியும், அது தாய் வரைபடத்தையும் தந்தை வரைபடத்தையும் இணைக்கும். 1:1 சோதனை வைத்தால் இவை எல்லாமே கோணல் என்று விழத்தான் செய்யும். ஒன்று செய்யுங்கள். விழுந்த மார்க்கர்கள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் செடியில் அல்லீல் இருக்கிறது என்று ஒரு பட்டை வரைபடம் போடுங்கள். 75க்குப் பக்கத்திலும் 83க்குப் பக்கத்திலும் மேடு தெரிந்தால், உங்கள் வழிகாட்டி குப்பை என்று சொன்னதில் பாதி குப்பையே இல்லை என்று அவரிடமே காட்டலாம்.

4, 8 கலப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். அது உங்கள் செடியின் குறையோ கணக்கின் குறையோ இல்லை. ஏ17 என்ற அந்த ஒரு வகையில்தான் 4ஆம் குரோமோசோமும் 8ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டிருக்கின்றன. 2014 வரைபடத்திலும் அது பளிச்சென்று தெரிந்தது. 2020இல் குதிரைமசாலின் சொந்த மரபுத்தொகுதியே வந்துவிட்டது, சீனாவில் சின்ஜியாங் தாயே ரகத்தில் 32 குரோமோசோமையும் தனித்தனியாகப் பிரித்து எடுத்தார்கள், சோங்மு 1 ரகத்தின் மரபுத்தொகுதியும் 8 குரோமோசோமாக வந்தது. அவற்றில் ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய_மசால்:

கணக்கை அவர் சொல்லிவிட்டார், நான் செடிப் பக்கம் இருந்து ஒன்று கேட்கிறேன் தங்கச்சி. அந்த 190ம் உண்மையிலேயே கலப்புச் செடிகள்தானா, பார்த்தாயா?

குதிரைமசால் பூவைக் கையாண்டவர்களுக்குத் தெரியும். மகரந்தத்தண்டும் சூல்முடியும் கீழிதழ்களுக்குள் விசை வைத்த மாதிரி மடங்கி இருக்கும், தேனீ உட்கார்ந்து அழுத்தினாலோ நாம் குச்சியால் தொட்டாலோ படக்கென்று விடுபட்டு மேலிதழில் போய் அடிக்கும். அந்த அடியிலேயே பூவின் சொந்த மகரந்தமும் சூல்முடியில் பட்டுவிடும். பூ சின்னது, மகரந்தப் பையை முழுசாக எடுப்பது பெரிய வேலை, உறிஞ்சி எடுத்தாலும் ஆல்கஹாலில் முக்கினாலும் கொஞ்சம் தப்பும். பலர் எடுக்காமலேயே கலக்கிறார்கள், சொந்த மகரந்தத்தைச் செடி அவ்வளவாக ஏற்காது என்ற தைரியத்தில். ஏற்காதுதான், ஆனால் ஒரேயடியாக மறுப்பதும் இல்லை. ஆகவே எஃப்1 என்று வைத்திருக்கும் கூட்டத்தில் தாயின் தற்கலப்புப் பிள்ளைகள் சில இருக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். தந்தையில் நாலு பிரதியிலும் இருந்து தாயில் இல்லவே இல்லாத மார்க்கர்களை எடுத்துக்கொள். அவை ஒவ்வொரு பிள்ளையிலும் இருந்தே ஆக வேண்டும். எந்தச் செடியில் அவை கூட்டமாகக் காணோமோ அது தற்கலப்பு, வெளியே எடு. அவை உள்ளே இருக்கும்வரை தந்தையின் மார்க்கர்கள் எல்லாம் ‘இல்லை’ என்ற பக்கம் ஒரே திசையில் சாயும், தாயின் மார்க்கர்கள் ‘உண்டு’ என்ற பக்கம் சாயும். வரைபடத்துக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை, ஏனென்றால் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் கோணல் வரும், எங்கே நோய் என்று தெரியாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். விதையைத் தேய்த்துத்தானே முளைக்கப் போட்டீர்கள்? மசால் விதையில் தோல் கெட்டியாகித் தண்ணீரே இறங்காதவை நிறைய இருக்கும். தேய்க்காமல் முளைத்ததை மட்டும் நட்டால், சீக்கிரம் முளைக்கிற குணத்துக்கு நாமே தேர்வு வைத்தது போல ஆகிவிடும், அந்தப் பகுதியில் விகிதம் கோணும்.

எண்ணிப்பார்:

கிழங்குக்காரர் அண்ணா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். பட்டை வரைபடத்தில் 75, 83 என்று மேடுகள் பிரிந்து தெரியும் என்கிறார். 5 ரீட்டில் தெரியாது.

காரணம் இதுதான். இருமடியத்தில் கலப்புநிலைச் செடியை 5 ரீட்டில் படித்தால் ஐந்துமே ஒரே அல்லீலாக வந்து, மற்றது இல்லை என்று ஏமாற வாய்ப்பு 32இல் ஒன்று, சுமார் 3 சதவீதம். நான்மடிய சிம்ப்ளெக்ஸில் ஒவ்வொரு ரீட்டும் அந்த அல்லீலைக் காட்டாமல் போக முக்கால் பங்கு வாய்ப்பு. முக்காலை ஐந்து முறை பெருக்கினால் 24 சதவீதம். நாலில் ஒரு செடியை ‘இல்லை’ என்று தவறாக எழுதுகிறோம். அப்போது 1:1 வர வேண்டிய மார்க்கர் 38க்கு 62 என்று வரும், 190 செடியில் கை வர்க்கச் சோதனை அதைக் கண்டிப்பாகக் கோணல் என்றுதான் சொல்லும். செடியில் எந்தக் கோணலும் இல்லை, படித்தது போதவில்லை. மேற்கொண்டு, தவறாக எழுதிய ஒவ்வொரு செடியும் பக்கத்து மார்க்கரோடு பார்க்கும்போது மறுசேர்க்கை நடந்த செடியாக எண்ணப்படும், வரைபடத்தின் நீளம் ஊதிப் போகும். தொகுதிகள் 32க்குப் பதில் 41 ஆக உடைந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று பந்தயம் கட்டுவேன்.

10 ரீட் இருந்தால் அந்தத் தவறு 6 சதவீதத்துக்குள் வரும், 16 இருந்தால் 1 சதவீதம். ஆகவே உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்க 16 ரீட்டாவது உள்ள மார்க்கர்களை முதலில் தனியே எடுங்கள், எண்ணிக்கை கணிசமாகக் குறையும், குறையட்டும். சராசரி 5 என்றாலும் சில மார்க்கர்களில் ஆழம் நிறைய இருக்கும். ஆனால் ஒரு பிரதியா, இரண்டா, மூன்றா என்று எண்ணிச் சொல்ல 16 போதாது, அதற்கு இன்னும் பல மடங்கு ஆழம் வேண்டும். அந்த வேலைக்கு அப்டாக் போன்ற மென்பொருள் பயன்படும், அது ரீட் எண்ணிக்கையை வைத்து ஒவ்வொரு பிரதி எண்ணிக்கைக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று கொடுக்கும், பெற்றோரின் ரீட்டையும் சேர்த்துப் பார்க்கும். பெற்றோர் இருவரையும் மறுபடி மறுபடி சீக்வென்சிங் செய்து ஆழம் ஏற்றுவது மொத்தக் கூட்டத்துக்கும் ஏற்றுவதைவிட மலிவு, அதில் கிடைக்கும் பலனும் அதிகம். பிறகு மேப்பாலியிலோ பாலிமேப்ஆரிலோ போடுங்கள், இரண்டும் பலமடியத்துக்கென்றே எழுதியவை. இருமடியம் என்று ஜாயின்மேப்புக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள், சிம்ப்ளெக்ஸ் மட்டும் என்றால் பரவாயில்லை, மற்றதற்கு ஆகாது.

கிழங்குக்காரர்:

ஒப்புக்கொள்கிறேன், 5 ரீட் என்பதைப் பார்க்கும்போது மேடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து கலங்கித்தான் இருக்கும். ஆழமான மார்க்கர்களை மட்டும் வைத்துப் பட்டை வரைபடம் போடட்டும். ஆனால் சிம்ப்ளெக்ஸில் ஆரம்பித்து முதுகெலும்பு கட்டிய பிறகுதான் பிரதி எண்ணிக்கைக்குப் போக வேண்டும் என்ற வரிசையை நான் விட மாட்டேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மென்பொருளுக்குள் கொட்டினால் எது தப்பு என்று தேடவே முடியாது.

மசால்_மாணவி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பழைய_மசால் அண்ணன் சொன்னதை உடனே செய்து பார்த்தேன். தந்தையின் நாலு பிரதி மார்க்கர்கள் 11 செடிகளில் கூட்டமாக இல்லை. அவற்றில் சில கண்ணாடிவீட்டில் மற்றதைவிடக் குட்டையாக நிற்பவை, அது இப்போதுதான் பொருந்துகிறது. 11ஐயும் எடுத்ததும் தந்தைப் பக்கச் சாய்வு குறைந்தது, முழுக்கப் போகவில்லை. மீதி ரீட் ஆழத்தால் என்று புரிகிறது. ஆழமான மார்க்கர்களை மட்டும் வைத்துப் போட்டால் தாய்க்கு 34 தொகுதி. விதையைத் தேய்த்துத்தான் போட்டோம் அண்ணா.

இன்னும் இரண்டு சந்தேகம். சுத்தம் செய்த பிறகும் 6ஆம் குரோமோசோமில் ஒரு நீண்ட பகுதியில் அடுத்தடுத்த மார்க்கர்கள் எல்லாம் ஒரே பக்கம் கோணி நிற்கின்றன, அவற்றை விடலாமா? அப்புறம் மார்க்கர்களுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிட கோசாம்பி வாய்பாடா ஹால்டேன் வாய்பாடா, எதை எழுதுவது? இரண்டுக்கும் மொத்த நீளத்தில் நிறைய வித்தியாசம் வருகிறது.

கிழங்குக்காரர்:

அந்தப் பகுதியை விடவே கூடாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனியாகக் கோணும் மார்க்கர் என்றால் படித்ததில் பிழை என்று எடுத்துவிடலாம். அடுத்தடுத்து வரிசையாக, நடுவில் அதிகமாகவும் ஓரம் போகப் போகக் குறைந்தும் கோணினால், அங்கே ஏதோ ஒரு மரபணு சில பிள்ளைகளை வளர விடாமல் செய்திருக்கிறது. குதிரைமசால் தலைமுறை தலைமுறையாக அயல்கலப்பிலேயே வாழ்ந்த செடி, கெடுதலான ஒடுங்கு (ரிசசிவ்) அல்லீல்களை நாலு பிரதிக்குள் மறைத்து வைத்திருக்கிறது. தற்கலப்பு செய்தால் வீரியம் சரிந்துபோவதும் அதனால்தான், நெல்லில் செய்வது போலத் தற்கலப்பில் தூய வரிசை எடுத்து வரைபடம் போடும் வழி இங்கே அடைபட்டிருப்பதும் அதனால்தான். 1993இல் வந்த முதல் குதிரைமசால் வரைபடங்கள் இந்தச் சிக்கலில் பாதியைத் தவிர்க்க இருமடியச் செடிகளில் போடப்பட்டன, நான்மடியத்தில் வர 1999 ஆனது. இருமடியத்தில் போட்டும் கோணல் நிறையவே இருந்தது, ஏனென்றால் பிரதி இரண்டானதும் ஒளிந்திருந்த கெடுதல் வெளியே வந்துவிடுகிறது. அந்தப் பகுதியை வரைபடத்தில் வைத்து, கோணல் இருக்கிறது என்று குறித்துவிடுங்கள். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டால் பனி தாங்கும் குணம் அங்கே இருந்தாலும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

தூரக் கணக்கைப் பொறுத்தவரை, ஹால்டேன் 1919இல் கொடுத்த வாய்பாடு ஒரு குறுக்குமாற்றம் பக்கத்தில் இன்னொன்றைத் தடுக்காது என்று வைத்துக்கொள்கிறது. கோசாம்பி 1944இல் கொடுத்தது ஓரளவு தடுக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. நம் இந்திய வரலாற்றை எழுதிய அதே டி.டி. கோசாம்பிதான், கணித ஆசிரியராக இருந்தவர், உலகம் முழுக்க வரைபடம் போடுபவர்கள் இன்றும் அவர் வாய்பாட்டைத்தான் அழுத்துகிறார்கள், எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி உண்டு. 10 சதவீத மறுசேர்க்கைக்கு கோசாம்பியில் 10.1 சென்டிமார்கன் (வரைபடத் தூரத்தின் அலகு), ஹால்டேனில் 11.2. 30 சதவீதம் என்றால் 34.7, 45.8. ஆகவே மார்க்கர்கள் நெருக்கமாக இருந்தால் எதை எடுத்தாலும் ஒன்றுதான். உங்களுக்கு நிறைய வித்தியாசம் வருகிறது என்றால் வாய்பாட்டை விட்டுவிட்டு, எங்கெல்லாம் இடைவெளி அகலமாக இருக்கிறது என்று பாருங்கள்.

பால்பண்ணை_பெருந்துறை:

ஐயா, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் மாடு வைத்திருக்கிறேன், வாய்க்கால் ஓரத்தில் கொஞ்சம் குதிரைமசாலும் போட்டிருக்கிறேன். நீங்கள் பேசுவதில் பாதி புரியவில்லை, ஆனால் ஆர்வமாகப் படித்தேன். இந்த வரைபடம் முடிந்தால் எங்களுக்கு நல்ல விதை வருமா?

பழைய_மசால்:

மன்னிப்பு எதற்கு ஐயா, கேட்க வேண்டிய கேள்விதான். நேராகச் சொல்கிறேன், இந்த ஒரு வரைபடத்திலிருந்து உங்கள் வயலுக்கு விதை வராது. இவர் தேடுவது பனி தாங்கும் குணம், அது உங்களுக்குத் தேவையே இல்லை. உங்கள் ஊருக்கு வேண்டியது குளிர்காலத்திலும் ஒடுங்காமல் வெட்ட வெட்டத் தழைக்கும் வகை. அமெரிக்காவில் ஒடுங்கும் குணத்தை 1 முதல் 11 வரை எண் போட்டுப் பிரிக்கிறார்கள், எண் கூடக் கூட ஒடுங்காமல் வளரும், வெளிநாட்டு விதை யாராவது கொண்டுவந்தால் அந்த எண் 9க்கு மேல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நெல் ரகம் என்றால் வயலில் எல்லாச் செடியும் ஒரே அச்சு. குதிரைமசால் ரகம் அப்படி இல்லை, பல தாய்ச்செடிகளைக் கலந்து விட்டு அவற்றிலிருந்து எடுத்த விதை, ஒரு பாத்தியில் நிற்கும் இரண்டு செடிகள் ஒரே மாதிரி இருக்காது. அதனால் ஒரு நல்ல மரபணுவைக் கண்டுபிடித்தாலும் அதை ரகம் முழுக்கப் பரப்பப் பல தலைமுறை ஆகும். தீவன விளைச்சல் போன்ற குணமோ ஒரு மரபணுவின் வேலை இல்லை, சின்னச் சின்னப் பங்காக ஏராளமான இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அதனால்தான் இப்போது ஒரு மார்க்கரைப் பிடித்துத் தொங்காமல், மரபுத்தொகுதி முழுக்க உள்ள மார்க்கர்களையும் ஒன்றாகக் கூட்டிச் செடிக்கு மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறைக்குப் போகிறார்கள். அதற்கும் மார்க்கர் எது எந்தக் குரோமோசோமில் என்று சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், தங்கச்சி செய்யும் வேலை அந்த வகையில் அடிமட்ட வேலை, ஆனால் இல்லாமல் முடியாத வேலை.

தங்கச்சிக்கு ஒன்று. மீதி 179 செடியிலும் இப்போதே தண்டுக் குச்சி வெட்டி வேர் பிடிக்க வைத்துவிடு. மசாலில் தண்டு நன்றாக வேர் பிடிக்கும், பூ வருவதற்கு முன்னால் இளம் தண்டாக எடு, ஒரே செடியைப் பத்து இடத்தில் நட்டுப் பனி தாங்குவதைப் பார்க்கலாம். ஒரு செடி ஒரே இடத்தில் நின்று ஒரு குளிர்காலத்தில் செத்துப்போனால் அது பனியாலா, வேர் அழுகலாலா என்று எந்த வரைபடமும் சொல்லாது. வெட்டும்போது ஒவ்வொரு தட்டிலும் எண் அட்டையை இரண்டு இடத்தில் குத்தி வை, தண்ணீர் பட்டால் மை போய்விடும், பென்சிலால் எழுது.

மசால்_மாணவி:

சரி அண்ணா, இந்த வாரமே குச்சி எடுக்கிறேன். வழிகாட்டியிடம் 75, 83 மேடுகளைக் காட்டினேன், பெற்றோருக்கு மறுபடி சீக்வென்சிங் செய்யப் பணம் ஒதுக்க ஒப்புக்கொண்டார். அப்டாக் ஓட்டி முடித்ததும் 6ஆம் குரோமோசோம் பகுதியை இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.